உங்களுக்குத் தெரியுமா? துகளின் வடிவம் ஒளியின் நிறத்தை மாற்றும்

வலிமையான லேசர் கதிர் சில பொருள்களுக்குள் பாயும்போது, இரு மடங்கு அதிர்வெண் கொண்ட புதிய ஒளி பிறக்கிறது. 1961இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, 347 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பெற்றனர்.

எல்லாப் பொருளுக்கும் இது வாய்ப்பதில்லை. மையச் சமச்சீர் உள்ள படிகத்தில் எலெக்ட்ரான்கள் இருபுறமும் ஒரே அளவில் அசைவதால் இரட்டை அதிர்வெண் எழுவதில்லை. தங்கம் அத்தகையது. ஆனால் அதன் பரப்பில் ஒருபுறம் உலோகம், மறுபுறம் காற்று. அங்கே சமச்சீர் உடைந்து, புதிய ஒளிக்கு வழி பிறக்கிறது.

வியப்பு இனிமேல்தான். மிகச் சிறிய தங்கக் கோளத்தில் எதிரெதிர்ப் பரப்புகளில் தோன்றும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கதிர் செல்லும் நேர்த்திசையில் எதுவும் வெளிவராது, பக்கவாட்டில் மட்டும் மங்கலாகக் கசியும். அதே தங்கத்தை 'ட' அல்லது 'ப' வடிவில் அமைத்தால் அந்த அழிவு முழுமை பெறாமல், ஒளி நேர்த்திசையிலும் வெளிப்படும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் 2006இல், ஒருபக்கம் திறந்த நுண் தங்க வளையங்களில் ஏறத்தாழ 1,500 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, அதில் பாதி அலைநீளமுள்ள ஒளி வெளிவருவதைக் காட்டினர்.

பேரியம் டைட்டனேட் நானோதுகளுக்கு இந்த வடிவ உதவி தேவையில்லை. அதன் நாற்கோணப் படிக அமைப்பிலேயே மையச் சமச்சீர் இல்லாததால், துகளின் முழு உடலும் ஒளியை உண்டாக்குகிறது. உயிரணுக்களைப் படமெடுக்க இத்துகள் பயன்படுவது இதனால்தான்; ஒளிரும் சாயங்களைப் போல் இது வெளிறுவதில்லை. இரு மடங்கு அதிர்வெண்ணுக்கு உள்ள இந்தச் சமச்சீர்த் தடை, மும்மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளி பிறப்பதற்குக் கிடையாது.