ஐயாயிரத்துக்குக் கையெழுத்து, 1,500 கோடிக்கு?

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் மருதமுனையில் தறிகள் நின்றன. நூல் வரவில்லை, நெய்த சாரத்தை வாங்க ஆளும் இல்லை. எமது மாதர் வட்டத்தில் ஒரு ராத்தா இருக்கிறார். தொண்ணூறாம் ஆண்டு வன்செயலில் கணவரைப் பறிகொடுத்து, தறிக்கூலியிலேயே பிள்ளைகளை வளர்த்தவர். அரசாங்கம் அறிவித்த 5,000 ரூபாவுக்காக அவரோடு நானும் அலைந்தேன். சமுர்த்திப் பட்டியலில் பெயர் இல்லை. படிவம், அடையாள அட்டைப் பிரதி, கணவரின் மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் ஒப்பம் எல்லாம் கொடுத்தோம். "மகன் வெளிநாட்டில் உழைக்கிறார்தானே" என்று திருப்பி அனுப்பினார்கள். மகனோ கட்டாரில் வேலையிழந்து அறைக்குள் கிடந்தார்.

அவ்வருட இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையில் பரவிய தொற்று எமது கரையோர ஊர்களையும் பிடித்தது. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி என்றார்கள். ராத்தா வீட்டுக்கு வந்த பொதியைப் பாயில் கொட்டி, அரிசி, பருப்பு, சீனி, மா, டின்மீன் என்று கடை விலையைப் போட்டுக் கூட்டினோம். இரண்டு தரம் கூட்டியும் பத்தாயிரம் வரவில்லை. எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "தாறதை வாங்கிட்டுப் போங்க" என்பதே பதில்.

ராத்தா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் புள்ள, இது அவங்கட காசா, நம்மட காசா?"

அந்தச் சீனிக்கே ஒரு கதை உண்டு. 2020 ஒக்டோபரில் ஒரு வர்த்தமானி மூலம், இறக்குமதிச் சீனியின் கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவாக இருந்த வரி 25 சதமாகக் குறைக்கப்பட்டது. மக்களின் சுமையைக் குறைக்க என்றார்கள். கடையில் விலை அப்படி இறங்கவில்லை. அரசு இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாவுக்கும் மேல் என்று பின்னர் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதிக் குழுவில் வெளியானது. ராத்தாவின் ஐயாயிரத்துக்கு எத்தனை கையெழுத்து! கோடிக்கணக்கான ரூபாவுக்கு ஒரு வர்த்தமானி போதுமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் வளப் பகிர்வு என்று நான் சமூகவியல் பாடமாகப் படித்ததை அந்தப் பாயில் இருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

ஜனாஸாக்களை எரித்த அந்த மாதங்களில் பெட்டிக்கும் எரிப்புக்கும் குடும்பங்களிடமே பணம் கேட்கப்பட்டதையும் எமது ஊர்கள் மறக்கவில்லை. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய முடிந்தது. சுனாமிக்குப் பின் சவூதி உதவியில் நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள் ஆளில்லாமல் பற்றைக்காடாகிக் கிடந்ததையும் கண்டவர்கள் நாம். அதனால்தான் பலர், "கேட்டு என்ன வரப்போகுது" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ராத்தா கேட்டார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பொதியின் பொருட்பட்டியலையும் கொள்வனவு விலையையும் கோரி விண்ணப்பித்தோம். முதலில் மௌனம். மேன்முறையீடு செய்த பிறகு பட்டியல் வந்தது. அதில் பருப்பு இரண்டு கிலோ. எமக்குக் கிடைத்தது ஒன்று. அடுத்த கடிதத்தை ராத்தா என்னிடம் தரவில்லை, தானே எழுதினார்.

சகோதரிகளே, நீங்களும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள், எழுதிக்கொள்வது தகவல் உத்தியோகத்தரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒரு சான்று தருவார்கள். அதைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.