பித்தளையில் விழும் கோடு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே வீடு இருந்தால் பித்தளைச் சாமானைப் பேணுவது தனி வேலை. பெருநாளுக்கு முதல் வாரம் உம்மம்மாவின் படிக்கத்தைப் பரணிலிருந்து இறக்கினோம். பச்சையும் கறுப்புமாகக் கறை, அது வழமை. ஆனால், இம்முறை விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. விழவுமில்லை, யாரும் தட்டவுமில்லை. “தானா வெடிச்சிருக்கு” என்றார் உம்மா.

பித்தளை தானாக வெடிக்குமா? இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் துப்பாக்கி ரவை செய்தவர்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பதுண்டு. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், ஒருமுறையும் சுடப்படாத ரவைகளின் பித்தளைக் கோதுகளில் வெடிப்பு விழுந்திருந்தது. ‘பருவ வெடிப்பு’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. மழையில் பழி விழுந்தது. உண்மையான காரணத்தை 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மலின்சன் என்ற மூவர் விளக்கினர். குற்றவாளி மழையன்று, குதிரையின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா.

அமோனியா மட்டும் போதாது என்பதே இதில் சுவையான பகுதி. ரவைக் கோது சுமார் 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். வட்டத் தகடு ஒன்றைக் கிண்ணமாக அழுத்தி, பின் பலமுறை இழுத்து இழுத்துக் குழாயாக்குவார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் கடினமாகிறது. வடிவம் பெற்ற பிறகும் உள்ளே ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. முறுக்கிய கயிறு அவிழத் துடிப்பதைப் போல. ஈரமும் காற்றும் அமோனியாவும் சேர்ந்தால் செம்பு கரையத் தொடங்கும். ஆய்வுகூடத்தில் செம்புச் சல்பேற்றுக் கரைசலுக்கு அமோனியா சேர்த்து அந்தக் கடும் நீலத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே தாக்கந்தான். உலோக மணிகளின் எல்லைகள் வழியே அரிப்பு இறங்க, உள்ளிருந்த இழுவிசை அவ்விடத்தைப் பிளந்துவிடுகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இவ்வெடிப்பு இல்லை.

அதனால் பரிகாரமும் எளிது: கோதை அளவாகச் சூடாக்கி அந்த இழுவிசையைத் தளர்த்திவிட வேண்டும். இராணுவ ரவைகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் படிந்திருக்கும். அறியாதவர் பழுதென்று ஒதுக்குவர். உண்மையில் அது கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தியதன் அடையாளம்.

சுட்ட கோதில் மருந்தை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் விளையாட்டுச் சுடுநர் பல நாடுகளில் உள்ளனர். ஒவ்வொரு கோதையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பது அவர்களது வழக்கம். இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் நாகம் கரைந்து செம்பு தனித்து நிற்கிறது என்று பொருள். புளிப்பில் அதிக நேரம் ஊறினால் அப்படி வரும். அவர்கள் மிகவும் அஞ்சுவது, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே கோதைச் சுற்றி ஓடும் பளபளப்பான வளையத்துக்கு. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால், சுடும்போதெல்லாம் கோது நீண்டு அவ்விடத்தில் சுவர் மெலிந்திருக்கக் கூடும். அடுத்த வெடியில் கோது இரண்டாக அறுந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கியே பாயலாம். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவுவார்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கோது குப்பைக்கு. அசிங்கமான கறை பெரும்பாலும் தீங்கற்றது, அழகான வளையம் ஆபத்தானது!

எங்கள் படிக்கமும் தகட்டை அடித்து வளைத்துச் செய்ததுதான். அடித்தவரின் சுத்தியல் விட்டுச்சென்ற இழுவிசை அதற்குள் இத்தனை காலம் காத்திருந்திருக்க வேண்டும். அமோனியா எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டில் குதிரை இல்லை. பரணில் படிக்கத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி துடைக்கும் திரவப் போத்தல் ஒன்று மூடி சரியாக இறுகாமல் இருந்தது. சுட்டியை வாசித்தேன், இரண்டாவது வரியில் அமோனியா.

போத்தலைக் குசினிக்கு மாற்றிவிட்டேன். படிக்கத்தை உம்மா மீண்டும் பரணில் ஏற்றவில்லை; தண்ணீர் ஒழுகினாலும் பரவாயில்லை என்று முன்னறையில் வைத்திருக்கிறார்.