உப்பை ஒளித்துவைக்கும் பூ

மரபணு மாற்றிய பூ புதிய சரக்கு அல்ல. ஆஸ்திரேலியாவின் ஃப்ளோரிஜீன் நிறுவனம் 1990களிலேயே ஊதா கார்னேஷனை விற்றது. ஜப்பானின் சன்டோரி 2009இல் நீல ரோஜாவைக் கொண்டுவந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது இளம் ஊதாதான். பேர்பெற்றவை எல்லாம் இப்படி நிறம் மாறியவையே. ஆனால் உண்மையான தேவை உப்பைத் தாங்கும் செடிக்கு. கலிபோர்னியா போன்ற வறண்ட பகுதிகளில், குடிநீரை மிச்சப்படுத்தப் பூங்காக்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுகிறார்கள். வழக்கமான சுத்திகரிப்பு அழுக்கை நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. பிறகு ஏன் நிறம் முந்திக்கொண்டது? நிறத்துக்குப் பெரும்பாலும் ஓரிரு மரபணு போதும். உப்பைச் சமாளிக்க வேர் முதல் இதழ் வரை செடி முழுவதும் ஒத்துழைக்க வேண்டும்.

மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை உறிஞ்சத் திணறும். உள்ளே நுழைந்த சோடியம் இலையில் சேர்ந்து ஓரங்களைக் கருக்கும். செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்னும் பையில் அந்தச் சோடியத்தை அடைத்துவிட்டால் செடி பிழைக்கும். அடைக்கும் வேலை என்எச்எக்ஸ்1 என்ற புரதத்துடையது. 1999இல் டொராண்டோவில் எடுவார்டோ புளும்வால்டின் ஆய்வுக் குழு, ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸில் அதன் அளவைக் கூட்டியது. லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்பு கலந்த நீரிலும் செடி வளர்ந்தது. கடல்நீரில் இருப்பது 35 கிராம். 2001இல் தக்காளியிலும் இது பலித்தது: உப்பு இலையில் தங்கியது, பழத்தில் அதிகம் ஏறவில்லை. பழம் நன்றாக இருந்தால் தக்காளியின் இலையை யார் பார்க்கிறார்கள்? பூச்செடியிலோ இலையும் இதழும்தான் சரக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானியர் கொண்டாடும் அசகாவோ கொடியின் இதழை நீலமாக்குவது இதே குடும்பத்துப் புரதம் என்று 2000இல் தெரியவந்தது. வாக்குவோலின் அமிலத்தன்மையை அது குறைக்க, செவ்வூதா மொட்டு நீலமாக விரிகிறது. உப்புக்காகக் கைவைத்தால் நிறமும் அசையக்கூடும்.

அரளியும் காகிதப்பூவும் இருக்க இந்த வம்பு எதற்கு என்று கேட்கலாம். புதுப் பூங்கா போடுபவருக்கு அதுவே நல்ல யோசனை. ஆனால் கொய்மலர்ச் சந்தை கேட்பது ரோஜாவையும் செவ்வந்தியையும். செவ்வந்தியில் ஒரு வழி தெரிந்திருக்கிறது: சீன ஆய்வாளர்கள் 2006இல் அராபிடாப்சிஸின் டிரெப்1ஏ மரபணுவைச் சேர்த்து, உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கவைத்தனர். இது தனியொரு கூலியாள் அல்ல, பல மரபணுக்களை வேலைக்கு எழுப்பும் மேஸ்திரி. மேஸ்திரி ஓயாமல் விரட்டினால் செடி குட்டையாகிவிடும் என்பது அராபிடாப்சிஸிலேயே தெரிந்தது. நெருக்கடியில் மட்டும் விழிக்கவைத்தால் அந்தப் பாதிப்பு தணிகிறது. காட்டில் பரவிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் இதைவிடக் கனமானது. 1987இல் ஜெர்மனியில் மக்காச்சோள மரபணுவைச் செலுத்திச் செம்மஞ்சள் பெட்டூனியாவை உருவாக்கினார்கள். அதே மரபணு கொண்ட பெட்டூனியாக்கள், 2017இல் பின்லாந்தில் குட்டு உடையும்வரை, பூர்வீகம் தெரியாமலே பல நாடுகளில் விற்பனையாயின. பூ வணிகத்தின் கண்காணிப்பு அவ்வளவுதான். நிறம் மாறிய பெட்டூனியா அதனால் மட்டும் எந்தக் களையையும் வெல்லப்போவதில்லை. உப்பைத் தாங்கும் செடிக்கோ கடலோர மண்ணில் அந்தக் குணமே ஆயுதமாகலாம். ஆகவே விதை பிடிக்காத, தண்டைக் கிள்ளி நட்டுப் பெருக்கும் வகைகளில், காட்டு உறவினர் இல்லாத நாட்டில் வெளிச்சோதனையைத் தொடங்குவதே முறை. செவ்வந்தியைப் பொறுத்தவரை, சீனாவும் ஜப்பானும் அப்படிப்பட்ட நாடுகள் அல்ல.