சனி, ஞாயிறு ஷிஃப்ட்... வார நாளில் வேலை தேடல்... நடுவில் மேட்ச்! இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள் சிக்கிக்கொள்வது எங்கே?

சென்னையில் இருக்கும் ஒரு ஆர்சனல் ரசிகர் சனிக்கிழமை இரவு மொபைலைத் திறந்தால் பிரீமியர் லீக் மேட்ச் லைவாக ஓடும். அதே மேட்ச், லண்டனில் அந்த மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவரின் டிவியில் வராது. காரணம், சனிக்கிழமை மதியம் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை பிரிட்டனில் லைவாகக் காட்டக் கூடாது என்பது விதி. பார்க்கணும்னா டிக்கெட் வாங்கி மைதானத்துக்குத்தான் போகணும்.

போகலாம்தான். ஆனால் அந்த 3 மணிக்கு சூப்பர் மார்க்கெட்டில் ஷிஃப்ட் இருந்தால்?

படிப்பை முடித்துவிட்டு நிரந்தர வேலை கிடைக்காமல், சனி, ஞாயிறுகளில் கடையிலோ கிடங்கிலோ உணவகத்திலோ உழைத்து, திங்கள் முதல் வெள்ளி வரை விண்ணப்பம், இன்டர்வியூ என்று அலையும் இளைஞர்கள் அங்கே நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு மேட்ச் என்பது 90 நிமிட சமாச்சாரம் இல்லை. சம்பளம், அரசு உதவித்தொகை, ரயில் டிக்கெட் என எல்லாம் அதில் மாட்டிக்கொள்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

சனிக்கிழமை 3 மணி... யாருக்காக வந்த நேரம்?

வேடிக்கை என்னவென்றால், இந்த நேரமே உழைப்பாளிகளுக்காக அமைந்ததுதான். 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், பிரிட்டனின் ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை வேலையை மதியம் 2 மணியோடு முடிக்கச் சொன்னது. இந்த அரை நாள் விடுமுறை மெல்ல மற்றவர்களுக்கும் பரவியது. 2 மணிக்கு ஆலையை விட்டு வந்தால் 3 மணிக்கு மேட்ச். மைதான விளக்குகள் இல்லாத காலம் என்பதால் குளிர்காலத்தில் இருட்டுவதற்குள் ஆட்டத்தை முடிக்கவும் அது வசதி. 1888-ல் கால்பந்து லீக் தொடங்கியபோது சனிக்கிழமை மதியம் ஏற்கெனவே கால்பந்தின் நேரமாகிவிட்டிருந்தது.

இன்று ஆலைகள் போய்விட்டன. அந்த இடத்துக்கு வந்த கடை, உணவகம், டெலிவரி வேலைகளில் சனிக்கிழமை மதியம்தான் உச்சகட்டம். லீவு கேட்டால் மேனேஜர் முகம் மாறும் நேரமும் அதுதான்.

டிவி தடை 1960-களில் வந்தது. பெரிய அணிகளின் மேட்ச் டிவியில் ஓடினால் சின்ன கிளப்களின் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்று பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட் விடாமல் வாதாடினார். அதன் விளைவுதான் மதியம் 2.45 முதல் 5.15 வரையிலான இந்த ஒளிபரப்புத் தடை. இந்தியாவுக்கு இது பொருந்தாது.

மேட்ச் தேதியை யார் முடிவு செய்கிறார்கள்?

பேப்பரில் பிரீமியர் லீக். நடைமுறையில் டிவி. 2025-26 சீசன் முதல் 4 ஆண்டுகளுக்கான பிரிட்டன் ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 670 கோடி பவுண்டு. ஒரு சீசனில் மொத்தம் 380 ஆட்டம். அதில் குறைந்தது 267 ஆட்டங்கள் அங்கே லைவ். 3 மணித் தடை இருப்பதால் லைவ் ஆகும் ஆட்டங்கள் எல்லாம் வேறு நேரத்துக்கு நகர வேண்டும்: வெள்ளி இரவு, சனி 12.30, சனி மாலை 5.30, ஞாயிறு 2 மணி, 4.30, திங்கள் இரவு 8 மணி.

ஜூன் மாதம் முழு அட்டவணையும் வெளியாகும். அதைப் பார்த்து 'நவம்பரில் இந்த சனிக்கிழமை ஹோம் மேட்ச், லீவு போட்டுடலாம்' என்று நினைத்தால் ஏமாற்றம்தான். டிவி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பது பின்னால்தான், தவணை தவணையாக. சனி 3 மணி என்றிருந்தது ஞாயிறு 2 மணியாகும், திங்கள் இரவாகும். சனிக்கிழமைக்குக் கெஞ்சி வாங்கிய லீவு வீண். மேட்ச் நடக்கும் ஞாயிறன்று ஷிஃப்ட்.

இதில் அணியையும் பார்க்க வேண்டும். யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை இரவு நடப்பவை. அதில் ஆடும் அணிக்கு அடுத்த லீக் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிறுதான். 2025-26-ல் ஆஸ்டன் வில்லா, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்களுக்கு இந்த நிலை. சனிக்கிழமை மட்டும் வேலை பார்ப்பவருக்கு இது லாபம், ஞாயிறு வேலைக்காரருக்கு நஷ்டம். தன் அணி ஐரோப்பிய போட்டிக்குத் தகுதி பெற்றால் கொண்டாட வேண்டியவர், ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியிருக்கிறது!

ஒரு கீழ்நிலை அணியின் ரசிகர் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்துவைத்தவர். பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள பிரிவுகளில் ஒரு சீசனுக்கு 46 ஆட்டங்கள். அதில் 23 சொந்த மைதானத்தில். செவ்வாய், புதன் இரவு ஆட்டங்களும் நிறைய உண்டு. வார இறுதி போனாலும் வார நடுவில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஷிஃப்டை விட்டால் எவ்வளவு நஷ்டம்?

இங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2025-26 நிதியாண்டில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. 8 மணி நேர ஷிஃப்ட் என்றால் 97.68 பவுண்டு. (ஒரு பவுண்டு 100 ரூபாய்க்கும் மேல்.)

வேலை தேடுபவர்களுக்கு அங்கே 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற அரசு உதவித்தொகை உண்டு. 25 வயதுக்குக் கீழே, தனியாக இருப்பவருக்கு இதே நிதியாண்டில் அடிப்படைத் தொகை மாதம் 316.98 பவுண்டு. வாடகை உதவி தனி. பகுதி நேர வேலை பார்த்தால் இது அப்படியே நிற்காது. குழந்தை இல்லாத, உடல்நலச் சலுகை பெறாத ஒருவர் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் குறையும்.

அப்படியானால் அந்த 97.68-க்கு உதவித்தொகையில் 53.72 பவுண்டு போய்விடுகிறது. ஒரு நாள் முழுக்க நின்று வேலை பார்த்து உண்மையில் கூடுதலாகக் கையில் நிற்பது சுமார் 44 பவுண்டு. பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 2016-17 முதல் உச்சவரம்பு 30 பவுண்டு. ஆக, ஷிஃப்டை விட்டு வெளியூர் மேட்ச் போனால் 44-ம் 30-ம் சேர்த்து 74 பவுண்டு. அதோடு பயணச் செலவு.

'அவ்வளவுதானா, போயிடலாமே' என்று தோன்றலாம். அங்கேதான் கவனம் தேவை. ஷிஃப்டுக்கு வராமல் டிமிக்கி கொடுத்து அதனால் வேலையே போனாலோ, போதிய காரணம் இல்லாமல் வேலையை விட்டாலோ, முதல் முறையே 91 நாட்கள் வரை உதவித்தொகையில் பிடித்தம் செய்ய விதியில் இடம் உண்டு. ஒரு மேட்ச்சுக்கு மூன்று மாதக் காசு என்பது எந்த ரசிகருக்கும் கட்டுப்படியாகாது.

வார நாள் மேட்ச்சில் வேறு ஆபத்து. உதவித்தொகை வாங்குபவர் வாரத்துக்கு 35 மணி நேரம் வரை வேலை தேடுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பகுதி நேரமாக வேலை பார்க்கும் நேரம் இதில் கழிந்துவிடும். சனி, ஞாயிறு சேர்த்து 16 மணி நேரம் உழைப்பவருக்கு மிச்சம் 19 மணி நேரம்தான். இந்தக் கழிவை அதிகாரியிடம் எழுத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. ஆனால் 'ஜாப் சென்டர்' எனப்படும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வரச் சொன்ன நேரத்தில் போயே ஆகணும். திங்கள் இரவு 8 மணிக்கு நியூகாசிலில் மேட்ச் என்று வைத்துக்கொள்வோம். முடிய 10 மணி ஆகும். அதன் பிறகு அன்றிரவே லண்டன் போய்ச்சேர ரயில் கிடைக்காது. செவ்வாய் காலை 9.30-க்கு லண்டனில் அப்பாயின்ட்மென்ட் இருந்தால்? தகுந்த காரணம் இல்லாமல் தவறவிட்டால், மீண்டும் தொடர்புகொள்ளும் வரை நாளொன்றுக்குச் சுமார் 10 பவுண்டு பிடித்தம், அதற்கு மேலும் சில நாட்கள் தொடரலாம். 'மேட்ச் பார்க்கப் போனேன்' என்பதைத் தகுந்த காரணமாக ஏற்க மாட்டாங்க. முன்கூட்டியே கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்வது ஒன்றுதான் வழி. நிறுவனத்தின் இன்டர்வியூவுக்கும் இதே பாடுதான். அங்கே காரணம் சொல்லத் தேவையில்லை, வேறு நேரம் கிடைக்குமா என்று ஒருமுறை கேட்கலாம். மறுத்தால் மேட்ச்சை விடுவது தவிர வேறு பேச்சே இல்லை.

பலரும் பயன்படுத்தாத இரண்டு உரிமைகள்

பகுதி நேர வேலைக்கு லீவு கிடையாது என்று நினைப்பவர்கள் அதிகம். அது தவறு. பிரிட்டனில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆண்டுக்கு 5.6 வாரம். வாரம் ஒரு நாள் மட்டும் வேலை பார்ப்பவருக்கும் கணக்குப்படி 5.6 நாள் உண்டு. சனிக்கிழமை மட்டும் வேலை என்றால் அந்த 5 நாளும் சனிக்கிழமைகள்தான்! சொந்த மைதானத்தில் நடக்கும் 19 ஆட்டங்களில் எல்லாமும் சனிக்கிழமை வருவதில்லை. அதில் முக்கியமான 5-ஐத் தேர்ந்தெடுத்தால் சம்பளமும் போகாது, மேட்ச்சும் போகாது. நிலையான மணி நேரம் இல்லாத 'ஜீரோ ஹவர்' ஒப்பந்தக்காரர்களுக்கும் வேலை பார்த்த நேரத்துக்கு ஏற்ப இந்த விடுப்பு சேரும். விடுப்பு எந்த நாளில் என்பதற்கு மேனேஜரின் ஒப்புதல் வேண்டும். அதனால் டிவி அறிவிப்பு வந்த அன்றே கேட்டுவிடுபவருக்குத்தான் கிடைக்கும்.

இரண்டாவது, ஞாயிறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடை ஊழியர்கள் 3 மாத நோட்டீஸ் கொடுத்து ஞாயிறு வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக வேலையை விட்டு நீக்க முடியாது. ஞாயிறுக்கென்றே எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. விட்ட நேரத்துக்குப் பதில் வேறு நாளில் வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. காசு முக்கியம் என்பவர்கள் யோசித்துத்தான் கையெழுத்துப் போடணும்.

கூடவே ஒரு சின்னத் தகவல். அங்கே பெரிய கடைகள் ஞாயிறன்று காலை 10 முதல் மாலை 6-க்குள் 6 மணி நேரம்தான் திறந்திருக்கலாம். 10 முதல் 4 வரை திறக்கும் கடையில் வேலை என்றால் 2 மணி மேட்ச் போச்சு. 4.30 மேட்ச்சைப் பிடிக்கலாம், வீடு பக்கத்தில் இருந்தால்.

விசாவில் இருப்பவர்களுக்கு?

தமிழ்நாட்டிலிருந்து போய்ப் படிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. பட்டப்படிப்பு மாணவர்கள் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் கிராஜுவேட் விசா 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். அதற்குள் ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் கிடைக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அதற்கான பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400.

இவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட் கிடையாது. அதனால் 55 பென்ஸ் கணக்கும் இல்லை, ஒரு ஷிஃப்டை விட்டால் போவது முழு 97.68 பவுண்டு. ஒரு வெளியூர் மேட்ச் டிக்கெட்டையும் சேர்த்தால் 127-ஐத் தாண்டுகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடும் உள்ளூர் நண்பருக்கு ஆன செலவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். நண்பர்கள் கூப்பிடும்போது இவர் ஏன் தயங்குகிறார் என்பது மற்றவர்களுக்குப் பெரும்பாலும் புரிவதில்லை.

மைதானத்திலேயே வேலை பார்த்தால்?

பலருக்கும் வரும் யோசனை இது. மேட்ச் நாளில் மைதானத்தில் ஸ்டீவர்ட், உணவுக் கடை, பார் என்று பகுதி நேர வேலைகள் உண்டு. ஸ்டீவர்டுக்குப் பயிற்சியும் தேவை. ஆனால் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஸ்டீவர்டின் வேலை கூட்டத்தைப் பார்ப்பது. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கணும். கோல் விழுந்ததை எதிரே இருக்கும் முகங்களில் பார்க்கலாம்! உணவுக் கடையில் இருப்பவருக்குச் சத்தம் மட்டும்தான். சம்பளத்துக்காகப் போவதென்றால் சரி, மேட்ச்சுக்காக என்றால் வேண்டாம்.

டிசம்பர் இன்னொரு சிக்கல். கடைகளில் தற்காலிக வேலை அதிகம் கிடைக்கும் மாதம், ஆட்டங்களும் நெருக்கமாக வரும் மாதம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் 'பாக்சிங் டே' மேட்ச் அங்கே பெரிய பாரம்பரியம். 2025-ல் அன்றைக்கு பிரீமியர் லீக்கில் நடந்தது ஒரே ஒரு ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட் - நியூகாசில். பாரம்பரியம் போச்சே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அன்று கடையில் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு மட்டும் தவறவிட அதிகம் இருக்கவில்லை.

பயணத்தில் ஒரு எச்சரிக்கை: டிவி அறிவிப்பு வரும் முன் மலிவு விலை 'அட்வான்ஸ்' ரயில் டிக்கெட்டை வாங்கிவிட்டால், மேட்ச் தேதி மாறினால் பணம் திரும்பாது. 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு 35 பவுண்டு ரயில் கார்டு இருக்கிறது. பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஓரிரு நீண்ட பயணத்திலேயே போட்ட காசு திரும்பிவிடும். வேறு ஊரில் இன்டர்வியூ என்றாலும் இதே கார்டுதான்.

எதுவுமே அமையாத சனிக்கிழமைகளுக்கு? 3 மணித் தடை டிவிக்குத்தான், ரேடியோவுக்கு இல்லை. பிபிசி ரேடியோ 5 லைவில் வர்ணனை இலவசம். இரவில் பிபிசியின் 'மேட்ச் ஆஃப் தி டே'. 1964 ஆகஸ்டில் தொடங்கிய ஹைலைட்ஸ் நிகழ்ச்சி, இன்றும் சனிக்கிழமை இரவுகளில் ஓடுகிறது. ஷிஃப்ட் முடிந்து வீடு வந்து, சாப்பிட்டு உட்காரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். அதுவரை கடையில் யாரும் ஸ்கோரை உளறாமல் இருக்கணும், அவ்வளவுதான்.