அடுப்பும் ஆராய்ச்சியும்

மனையியல் என்றவுடன் சமையலும் தையலுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. சமையலுக்குக் கல்லூரி எதற்கு, ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவரும் உளர். அவர்களுக்கு விடையாக, நம் வீட்டு அடுப்பைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

என் தாயார் விறகடுப்பின்முன் குனிந்து, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவப்பதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். விறகு நன்கு எரிந்தால் பெரும்பாலும் நீராவியும் கரியமில வாயுவுமே வெளிப்படும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் நுண்ணிய கரித்துகள்களும் மிகுதியாகத் தோன்றுகின்றன. அத்துகள்களுள் மிகச் சிறியவை தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும்; அவை நுரையீரலின் ஆழம்வரை செல்ல வல்லவை. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இப்புகையை ஒழிக்க, அறிஞர்கள் முதலில் அடுப்பைத் திருத்த முற்பட்டனர். 1950களில் ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய அடுப்பு ஒன்றை வகுத்தார். 1983இல் மத்திய அரசு தொடங்கி 2002 வரை நடத்திய திட்டத்தின்கீழ், மூன்று கோடிக்கு மேற்பட்ட சீர்திருத்த அடுப்புகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. அக்காலத்தில் மனையியல் மாணவியாக இருந்த நான், எங்கள் வீட்டிலும் அத்தகைய அடுப்பு ஒன்றை வற்புறுத்தி அமைக்கச் செய்தேன். ஓராண்டு கழித்து விடுமுறைக்குச் சென்றபோது அது இடிக்கப்பட்டிருந்தது. பழைய அடுப்பே எரிந்துகொண்டிருந்தது. நல்லதைச் சொன்னாலும் ஏற்பதில்லை என்று தாயாரைக் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை, இருமினார்.

2012இல் வெளியான ஓர் ஆய்வே என் தவற்றை எனக்கு உணர்த்தியது. ஒடிசாவின் சிற்றூர்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களை ஆய்வாளர்கள் நான்கு ஆண்டுகள்வரை கவனித்தனர். புதிய அடுப்பு வந்த முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது; பின்னர் அப்பயன் மறைந்தது. அடுப்பை முறையாகப் பயன்படுத்துவாரும் பழுது பார்ப்பாரும் குறைந்துவிட்டனர். ஆய்வுக்கூடத்தில் தேறிய அடுப்பு சமையலறையில் தேறவில்லை!

அதன் பிறகே, அடுப்பை ஏன் இடித்தீர்கள் என்று முதுமையுற்ற என் தாயாரைக் கேட்டேன். "பெரிய பானை அதில் உட்காரவில்லை, கண்ணு. குழாயில் கரி அடைத்துக்கொண்டால் கூரைமேல் ஏறி யார் எடுப்பது?" என்றார். இதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இன்றைய ஆராய்ச்சி இத்தகைய கேள்விகளுக்கு இடம் தருகிறது. அடுப்பை மட்டும் அளவிடாமல், சமைப்பவர் உடலிலேயே சிறு கருவியை அணிவித்து அவர் சுவாசிக்கும் காற்றை அளக்கின்றனர். தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு ஒன்றில், பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக அளிக்கப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காயிற்று. ஆயினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எதிர்பாராத அம்முடிவையும் ஆய்வாளர்கள் 2022இல் மறைக்காது வெளியிட்டனர். அதுவும் ஆராய்ச்சியின் அறமாகும்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளால் சமைத்த இந்தியக் குடும்பங்கள் நூற்றுக்கு 59 மட்டுமே. எஞ்சிய வீடுகளுக்கான பணி மாணவ மாணவியராகிய உங்களுக்காகக் காத்திருக்கிறது. புதிய கருவிகளை நீங்கள் படைப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவற்றை வகுக்கத் தொடங்குமுன், அடுப்பின்முன் அமர்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.