ஏழு பெட்டிகள், எழுநூறு பவுண்டு



வாலிபர் கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசையருகே உங்களில் பாதிப் பேர் பேசுவது கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றித்தான். பெரியவர்கள் காதில் அது விழுந்தால், "பிள்ளைகள் ஏதோ விளையாட்டுச் சாமான் வாங்கப் போகிறார்கள்" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே ஒரு கணினி சேர்ப்பது அவ்வளவு லேசான காரியமல்ல. பல மாதச் சேமிப்பு ஒரே வாரத்தில் கையை விட்டுப் போகும். நான் செவிலியர். எனக்கும் உறவினர், நண்பர்களுக்குமாக இதுவரை எட்டு கணினிகள் சேர்த்திருக்கிறேன். அதனால்தான் ஆசிரியர் குழு இந்தப் பக்கத்தை என்னிடம் தந்தார்கள்.

நம் சபைத் தம்பி ஒருவன் சனிக்கிழமைகளில் கடை வேலை பார்த்து 700 பவுண்டு சேர்த்தான். பெயர் எழுதவில்லை, கதையை எழுதலாம் என்று அவனே சொன்னான். அவன் கொண்டுவந்த பட்டியலில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 400 பவுண்டு, பவர் சப்ளைக்கு 25 பவுண்டு. "கேம் ஓடுறது கார்டுலதானே அக்கா" என்றான். உண்மைதான். ஆனால் மின்சாரம் எதில் ஓடுகிறது?

வார்டில் நோயாளி வந்ததும் மருந்தை எடுக்க மாட்டோம். முதலில் விவரம் கேட்போம். அவனிடமும் அப்படித்தான் கேட்டேன். யார் யார் உபயோகிப்பார்கள்? எதற்கு? எந்தத் திரையில்? அவனுக்கு ஏ லெவல் கம்ப்யூட்டர் சயின்ஸ், நண்பர்களோடு ஃபுட்பால் கேம். தங்கைக்குப் பள்ளி வீடியோ எடிட்டிங். கேர் ஹோமில் வேலை பார்க்கும் அம்மா, தன் பயிற்சிப் பாடங்களை எல்லாம் கைபேசியின் சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறார். திரை என்று பார்த்தால் மாமா கொடுத்த பழைய மானிட்டர்: 1920க்கு 1080, நொடிக்கு 60 தடவை மாறுவது. அந்தத் திரைக்கு 400 பவுண்டு கார்டு போடுவது, ஒரு ஆள் சாப்பாட்டுக்குக் கல்யாணப் பானையை ஏற்றுவது போல. கார்டு 140 படம் வரைந்து கொடுத்தாலும் திரை காட்டப்போவது 60தான்.

ஆகவே கார்டு 235 பவுண்டுக்கு இறங்கியது. 8 ஜிபி நினைவகம் உள்ள நடுத்தரக் கார்டு அந்தத் திரைக்குத் தாராளம். அதோடு இன்னொரு விஷயமும் முடிவாயிற்று: கணினி அவன் படுக்கையறையில் இல்லை, முன்னறையில் இருக்கும். அதற்கு அவன் முகம் தூக்கி வைத்துக்கொண்டது தனிக் கதை. அம்மா ஒன்றும் சொல்லாமல் 120 பவுண்டு எடுத்து வைத்தார். "எனக்கும் தானே இது" என்றார். அந்தப் பணம் எதற்குப் போயிற்று என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது பவர் சப்ளை. ஊரில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். இது மட்டும் கெட்டுப்போனால் தனியாகப் போகாது, கூட இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். ஆகவே இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அதற்காக 850 வாட் தேவையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 வாட் என்று பெட்டியில் எழுதிய ரைசன் 5 வகை ப்ராசஸர் உச்ச வேலையில் சுமார் 90 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டு 115 வாட். மதர்போர்டு, மின்விசிறி, டிஸ்க் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வையுங்கள். 265 ஆகிறது. நல்ல கம்பெனியின் 550 வாட் இருந்தால் பாதிச் சுமையில் அமைதியாக ஓடும். '80 பிளஸ் பிரான்ஸ்', 'கோல்டு' என்று ஒட்டியிருப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லும் அளவு. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அது சொல்லாது. எத்தனை வருட வாரண்டி என்று பாருங்கள். தன் சரக்கை நம்பும் கம்பெனி ஐந்து, ஏழு, பத்து வருடம் கூடக் கொடுக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். பவர் சப்ளையின் பெட்டியைத் திருகு கழற்றித் திறக்கவே வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். இரண்டாவது, கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளை வாங்கினால் அதோடு வந்த கேபிளை மட்டுமே உபயோகியுங்கள். வேறு கம்பெனிக் கேபிள் அச்சாகப் பொருந்தும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். டிஸ்க்கும் மதர்போர்டும் அப்படித்தான் கருகுகின்றன.

அடுத்து, ப்ராசஸரும் மதர்போர்டும் ராமும். இந்த மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டும் பாதி முடிவாகிவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் கடைக்காரரே இது அதற்குப் பொருந்தாது என்று எடுத்து வைத்துவிடுவார். இங்கே ஏழு பெட்டிகளும் ஏழு நாளில் வாசலுக்கு வரும். பொருந்துமா என்பது உங்கள் பாடு.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 ராமை மட்டும் ஏற்கும். 2022ல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 மட்டும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் உட்காரும். அங்கே ராம் எது என்பதை மதர்போர்டுதான் தீர்மானிக்கிறது. ஒன்றுக்குரிய ராம் மற்றதில் நுழையாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. ரைசன் 5000 வரிசையில் 'ஜி' இல்லாதவற்றுக்கும் அதே கதைதான்.

புதிதாக வாங்குகிறவர் ஏஎம்5 எடுத்தால் நாளைக்குப் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நானே பலருக்குச் சொல்லிவந்தேன். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை அறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகத்தை வாரிக்கொண்டு போகின்றன, நமக்கு மிச்சம்தான். டிடிஆர்4 விலையும் ஏறியதுதான், ஆனாலும் பழைய கணினிகளிலிருந்து கழற்றியது நிறைய விற்பனைக்கு வருகிறது. ஆகவே நம் தம்பிக்கு ஏஎம்4தான் சரியென்று பட்டது. ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு. ஒரே 16 ஜிபி துண்டு போடாமல் இரண்டாகப் போட்டால் ப்ராசஸர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் எடுக்கும். நான்கு குழி உள்ள போர்டில் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கமிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் அவற்றின் இடம். கையேட்டைப் பார்த்து மாட்டுங்கள். முதல் தடவை ஓடவிட்டதும் பயாஸில் போய் எக்ஸ்எம்பி என்பதை இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200க்குக் காசு கொடுத்துவிட்டு 2133 அல்லது 2400 வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பி550 போர்டு பழைய சரக்காக இருந்தால் 5600ஐ அடையாளம் காணாமல் போகலாம். பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ப்ராசஸர் இல்லாமலே யுஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. வைஃபை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மலிவு போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. வாடகை வீட்டில் ரௌட்டர் கீழே, கணினி மேலே என்றால் இது பெரிய தலைவலி.

எஸ்.எஸ்.டி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1 டிபி, எம்.2 என்விஎம்இ. பழைய சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 எம்பி தரும், என்விஎம்இயில் நிதானமானவற்றில் பலவும் 3000ஐத் தாண்டும். 7000 தருவதும் உண்டு. உங்கள் வீட்டு வேலைக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது.

கேபினட்டில் மூன்று அளவு மட்டும் பாருங்கள்: கார்டின் நீளம், கூலரின் உயரம், மதர்போர்டின் அளவு. முன்பக்கம் வலையாக இருக்கட்டும், காற்று போகட்டும். கண்ணாடியும் கலர் விளக்கும் உங்கள் விருப்பம். முன்னறையில் வருடம் முழுக்கக் கிறிஸ்துமஸ் மரம் எரிவதை அம்மா பொறுத்துக்கொண்டால் சரி. நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்குகிற ஒருவர் வீட்டில் இருந்தால், ஒரு பெரிய மின்விசிறி மெதுவாகச் சுற்றுவது, மூன்று சின்ன விசிறிகள் இரைவதைவிட மேல். இது அனுபவத்தில் சொல்வது.

பழைய பாகம் வாங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். ப்ராசஸரும் ராமும் லேசில் கெடுவதில்லை; வாங்கலாம். ஏஎம்4 ப்ராசஸருக்கு அடியில் ஊசிகள் இருக்கும், ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கார்டு வாங்குவதென்றால் விற்பவர் வீட்டிலேயே பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தனியாகப் போகாமல் அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும் பொருள்; அதைப் புதிதாக வாங்குங்கள். பவர் சப்ளை பழையது வேண்டவே வேண்டாம்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறையில் பழையது கண்ணில் பட்டால் ஒரு கணம் யோசியுங்கள். அவற்றில் பல ப்ராசஸர்களுக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்ச் சேதமாகும் கோளாறு இருந்ததை 2024ல் இன்டெலே ஒப்புக்கொண்டது. பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தார்கள், வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே பழுதானதை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. முந்தையவர் எப்போது பயாஸ் புதுப்பித்தார் என்பதற்கு அவருடைய வாய் வார்த்தைதான் சாட்சி.

அலுவலகங்கள் தள்ளிவிடும் பழைய டெஸ்க்டாப்புகளும் இப்போது நிறையக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததே காரணம். படிப்பும் மின்னஞ்சலும் மட்டும் போதுமென்றால் அவை நல்ல வாய்ப்பு. இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதா என்று மட்டும் பாருங்கள், அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதில் பின்னால் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பவர் சப்ளை சிறியது, அதன் இணைப்பும் பல நேரம் அந்தக் கம்பெனிக்கே உரியது.

அம்மாவின் 120 பவுண்டு விண்டோஸுக்குத்தான் போயிற்று. தம்பியின் பட்டியலில் அது இல்லவே இல்லை. யாருடைய பட்டியலிலும் இருப்பதில்லை! உரிமத்தின் விலை நூறு பவுண்டுக்கு மேல். பத்து பவுண்டுக்கு 'கீ' விற்கிறார்களே என்பீர்கள். அவற்றில் பல, ஏதோ நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து கசிந்தவை. ஒரு நாள் செயலிழந்தால் கேட்க ஆளிருக்காது. தம்பியின் முகம் கொஞ்சம் மாறியது. "சரி, கீ வேண்டாம்" என்று அவனே சொன்னான். இலவசமாகவே வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட் இருக்கிறது. அம்மாவின் பாடங்கள் போன்ற இணைய வேலைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அது போதும்; ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வைத்த சில ஆன்லைன் கேம்கள் மட்டும் அதில் ஓடாது.

வார்டில் சில மருந்துகளை ஒரு செவிலியர் தனியாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது ஆள் பெயரையும் அளவையும் வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்க வேண்டும். 'வாங்கு' பொத்தானை அழுத்துமுன் அதையே செய்யுங்கள். கணினி தெரியாதவர் வாசித்தாலும் பரவாயில்லை. அந்தத் தம்பியின் தங்கை வாசிக்கும்போதுதான் போர்டின் பெயரில் 'வைஃபை' என்ற சொல் இல்லாதது தெரியவந்தது. மீதியிருந்த 20 பவுண்டு அதற்குப் போயிற்று.

எல்லாப் பெட்டிகளையும் ஒரே வாரத்தில் வரவழையுங்கள். ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று என்று வாங்கினால், பிழை தெரியும்போது திருப்பும் நாள் கடந்திருக்கும். இந்த நாட்டில் கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கியதைப் பெரும்பாலும் 14 நாளுக்குள் வேண்டாமென்று சொல்லலாம். பழுதான பொருளானால் 30 நாளுக்குள் முழுப் பணமும் திரும்பக் கேட்க உரிமையுண்டு. தனியாளிடம் வாங்கியதற்கு இந்தச் சலுகை கிடையாது. அட்டைப்பெட்டிகளையும் ரசீதுகளையும் கட்டிலுக்கடியில் பத்திரமாக வையுங்கள். அம்மா தூக்கிப்போடுமுன் சொல்லி வையுங்கள்.

மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள், மதர்போர்டில் அல்ல. திரை கறுப்பாக இருக்கிறது என்று இரவு பதினொரு மணிக்கு எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். பட்டியல் எழுதி வைத்திருப்பவர்கள் இம்மாதக் கடைசி வாலிபர் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அன்று எனக்கு டியூட்டி இல்லை.