திருத்தணி எந்த மாவட்டம்?

முன்னாள் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தார். அவருடைய பிறந்த ஊரைக் கணினியில் பதிவு செய்ய உட்காரும் ஒருவருக்கு, ஊர் என்ற கட்டத்தை நிரப்புவதில் சிரமம் இல்லை. மாவட்டம் என்ற கட்டத்தில்தான் கை நின்றுவிடும். அவர் பிறந்தபோது திருத்தணி சென்னை மாகாணத்தின் வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போனது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், மத்தியஸ்தர் படாஸ்கரின் சமரசம் ஆகியவற்றுக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது; செங்கல்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. 1969-இல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு என்றானது. 1997 முதல் திருத்தணி திருவள்ளூர் மாவட்டம். முருகன் கோயிலும் அதன் 365 படிகளும் இருந்த இடத்திலேயே இருக்க, ஊர் மட்டும் நான்கு மாவட்டங்களைப் பார்த்துவிட்டது.

வங்கி, மருத்துவமனை, ரயில்வே, தாலுகா அலுவலகம் என எங்கும் இன்று நம் விவரங்கள் டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அதைப் பராமரிப்பவர்களை டி.பி.ஏ. என்றும், அதை வைத்து மென்பொருள் எழுதுபவர்களை டெவலப்பர் என்றும் அழைக்கிறோம். சர்வர் படுத்துவிடுவதும், பேக்கப் எடுக்க மறப்பதும், தேடல் மெதுவாவதும் அவர்களுக்குத் தலைவலிதான். ஆனால் அவற்றுக்குப் பழகிய தீர்வுகள் உண்டு. பணம் செலவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவர்களை அன்றாடம் அரிக்கும் தொல்லை வேறு. மாறக்கூடிய பெயர்களையும் எல்லைகளையும் மாறாதவை என்று நம்பி ஒருவர் என்றோ ஒரு தரவு அட்டவணையை வடிவமைத்திருப்பார். அந்த நம்பிக்கையின் விலையைப் பின்னால் வருபவர்கள் தினமும் கொடுக்கிறார்கள். அவர்களைவிட அதிகம் கொடுப்பவர், சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு அலையும் சாதாரண மனிதர்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுரைதான் இன்றைய தரவுத்தளங்களுக்கு அடித்தளம். தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து வைக்க வேண்டும், ஒவ்வொரு வரியையும் மற்ற வரிகளிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு திறவுகோல் வேண்டும் என்பவை அதன் சாரத்தில் அடங்கும். அந்தத் திறவுகோலாக எதை வைப்பது என்பதில்தான் பிழை நுழைகிறது. பெயரை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருத்தணி வட்டாரமே சாட்சி. மலைக்கோயிலின் பெயரால் தணிகாசலம், தணிகைவேல், தணிகைமலை என்று பெயர் வைப்பது இங்கே வழக்கம். ஆங்கிலத்தில் எழுதும்போது தணிகாசலத்தின் முதல் எழுத்தை ஒருவர் ‘டி’ மட்டும் போட்டு எழுதுவார். இன்னொருவர் ‘எச்’ சேர்ப்பார். நடுவில் வரும் ககரத்துக்கு ஒருவர் ‘கே’, இன்னொருவர் ‘ஜி’, மற்றொருவர் ‘சி’ போடுவார். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று என ஒரே மனிதர் மூன்று பேராகிவிடுவது இப்படித்தான்.

எல்லைப்புற ஊரில் இனிஷியல் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. தமிழ் வழக்கில் இனிஷியல் தகப்பன் பெயரின் முதலெழுத்து. தெலுங்குக் குடும்பங்களில் பெயருக்கு முன் வருவது வீட்டுப் பெயர். அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். ராதாகிருஷ்ணனின் தந்தை வீராசாமி. ஆனால் மகன் பெயருக்கு முன் நிற்பது சர்வபள்ளி என்ற வீட்டுப் பெயரின் ‘எஸ்’. முதலெழுத்தைக் கொண்டு தந்தை பெயரைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்று இருந்தால், நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவரையே அது ‘பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பும். இரண்டு மொழிகளும் புழங்கும் ஊரில் ஒரே குடும்பத்துக்குள்ளேயே அண்ணனுக்கு வீட்டுப் பெயரும் தம்பிக்கு அப்பா பெயரும் இனிஷியலாக அமைவதற்கு இடமுண்டு. திருமணமான பெண் கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறும்போது இன்னொரு முடிச்சு விழுகிறது. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத தமிழர்கள் பலருக்கு அது பெரும் கலக்கமானது. தந்தை பெயர் கடவுச்சீட்டில் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது.

பெயரைத் தமிழிலேயே எழுதிவிட்டால் சிக்கல் தீருமா? எழுத்துக்கூட்டல் குழப்பம் குறையும். ஆனால் வடிவமைத்தவர் ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் வேறு சிக்கல் வரும். திருத்தணி என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது ஒன்பது குறியீடுகள். பரவலாகப் பயன்படும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை. ஆக மொத்தம் 27 பைட். ஆங்கிலத்தில் இதே ஊருக்கு ஒன்பது பைட் போதும். ஊர்ப் பெயருக்கு 20 பைட் தாராளம் என்று ஒதுக்கிய கட்டத்தில் தமிழ்த் திருத்தணி நுழையாது. சில மென்பொருள்கள் ஏற்க மறுக்கும். சில, ‘திருத்’ என்பதோடு வெட்டிவிட்டு ஓர் உடைந்த குறியை ஒட்டிவைக்கும். மென்பொருளை ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

பெயரைவிட வேகமாக எல்லைகள் மாறுகின்றன. 2019-இலும் 2020-இலும் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32-இலிருந்து 38 ஆயின. ஆந்திரத்தில் 2022 ஏப்ரல் 4 அன்று 13 மாவட்டங்கள் 26 ஆயின. சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. திருத்தணிக்குப் பக்கத்து அரக்கோணம் 2019-இல் வேலூரிலிருந்து புதிய ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. அரக்கோணம் என்று இருக்கும் வரிகளில் எல்லாம் மாவட்டத்தை ராணிப்பேட்டை என மாற்றும்படி ஒரு டெவலப்பர் ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தால் வேலை ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் 2015-இல் வழங்கப்பட்ட ஒரு சாதிச் சான்றிதழின் தாளில் வேலூர் என்று இருக்கும். கணினியோ ராணிப்பேட்டை என்று சொல்லும். சரிபார்க்கும் அதிகாரிக்குத் தாள் போலியோ என்ற ஐயம் வரும். மாணவர் சேர்க்கையின் கடைசி நாளில் அந்த ஐயம் ஒரு பிள்ளையின் ஓராண்டைத் தின்றுவிடும். அஞ்சல் குறியீட்டைக் கொண்டு மாவட்டத்தை ஊகிக்கலாம் என்பாரும் உண்டு. திருத்தணி 631209, அரக்கோணம் 631001, காஞ்சிபுரம் 631501. முதல் மூன்று இலக்கம் ஒன்று, மாவட்டம் மூன்று. 1972-இல் வந்த அந்த எண் தபால் பிரிப்பதற்காகப் பிறந்தது; வருவாய் எல்லையை அது அறியாது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. ஒவ்வொரு மனிதருக்கும் ஊருக்கும் பொருள் எதுவும் ஏற்றப்படாத ஒரு நிலையான எண் உள்ளுக்குள் இருக்க வேண்டும். பெயரோ மாவட்டமோ மாறும்போது பழையதை அழிக்காமல், எந்த நாள் முதல் எந்த நாள் வரை எது செல்லும் என்று தேதியோடு எழுத வேண்டும்; தரவுத்தளங்களைக் கையாளும் எஸ்.க்யூ.எல். மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரநிலையே இதற்கு வழி வகுத்திருக்கிறது. மூன்றாவதாக, பெயரை அந்த மனிதர் எழுதும் வடிவத்தில், முழுமையாக, ஒரே கட்டத்தில் ஏற்க வேண்டும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோப்பகம் ஏற்கெனவே கிராமம்தோறும் ஓர் எண் வழங்கியிருக்கிறது. அதைப் பயன்படுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. எல்லோரும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றினால் போயிற்று என்பது ஒன்று. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஆணை வந்த வேகத்தில் ஊர்ப் பெயர்களை மாற்றி, திரும்பிய வேகத்தில் மீண்டும் மாற்றும் நிலையில் ஒரு தரவுத்தளம் இருக்கக் கூடாது. ஆதார் எண்தான் இருக்கிறதே, அதையே திறவுகோலாக வைத்தால் என்ன என்பது இன்னொன்று. பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணின் கடைசி இலக்கம், தட்டச்சில் ஓர் எண் தவறினாலும் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். அதன் வடிவமைப்பு நல்லதுதான். ஆனால் எல்லா அலுவலகமும் அதே எண்ணைத் திறவுகோலாக்கினால், ஓரிடத்தில் கசிவது எல்லா இடத்திலும் கதவைத் திறந்துவிடும். தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்பதற்கு 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டதன் பின்னணியில் இந்த அந்தரங்கக் கவலையே இருந்தது. ஒவ்வோர் அமைப்பும் தனக்குரிய எண்ணை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

மனிதரை எண்ணாக்குவதா என்று வருந்துவோரும் உண்டு. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அடையாளத்தின் சுமையை எண் தாங்கும்போதுதான் பெயர் விடுதலை பெறுகிறது. எண் இல்லாத இடத்தில், கணினிக்குப் பொருந்துவதற்காக மனிதர்தான் பெயரை மாற்றிக்கொள்கிறார். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடப் பணமும் நாளும் செலவழிக்கிறார். வரலாற்றைச் சேமித்தால் இடம் கூடும், வேலை கூடும் என்ற மறுப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. இன்றைய சேமிப்புச் செலவுக்கு முன் அது சிறிது. மக்கள் தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் நடக்கும் நடைக்கு முன் அதைவிடச் சிறிது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தவறான விவரத்தைத் திருத்தச் சொல்லும் உரிமையை எழுத்தில் தந்திருக்கிறது. திருத்துவதற்கு இடம் வைக்காத தரவுத்தளத்தில் அந்த உரிமை வெறும் தாளாகவே கிடக்கும். அரசுத் துறைக்கும் நிறுவனத்துக்கும் மென்பொருள் வாங்க டெண்டர் எழுதுபவர்கள் மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளையும் அதில் சேர்க்க வேண்டும். மென்பொருளை ஏற்கும் முன் ராதாகிருஷ்ணனின் பெயரையும் பிறந்த ஊரையும், தமிழில், அதில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வரியை ஏற்கத் தெரியாத மென்பொருளுக்கு மக்கள் பணத்தைக் கொடுக்கக் கூடாது.